நீரிழிவை முன்கூட்டியே கண்டறியும் இரத்தப் பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே தரப்படும் சர்க்கரை அளவுகள் அனைத்தும் 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில், அதாவது இரத்த அணுக்களை நீக்கிய பின் எஞ்சும் திரவத்தில், எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ளது என்ற கணக்கில் அமைந்தவை. மில்லிமோல் கணக்கில் அறிக்கை தரும் நாடுகளில் இருப்போர் இந்த எண்களை 18-ஆல் வகுத்துக்கொள்ளலாம். 126 என்பது அங்கே 7.0 ஆகும்.

உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதபோது சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டுமா?

வேண்டும். தொந்தரவு தெரியும்வரை காத்திருப்பது ஏன் தாமதமாகிவிடுகிறது என்பதற்கு உடலின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், அடங்காத தாகம், காரணமில்லாத எடை இழப்பு ஆகிய நாம் அறிந்த அறிகுறிகள் பெரும்பாலும் சர்க்கரை சிறுநீரில் வெளியேறும்போதுதான் தோன்றுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டும்வரை, வடிகட்டிய குளுக்கோஸ் முழுவதையும் சிறுநீரகம் மீட்டு இரத்தத்துக்கே அனுப்பிவிடுகிறது. ஆனால் வெறும் வயிற்றில் 126 இருந்தாலே அது நீரிழிவு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் எந்தக் குறையும் உணராமல் வாழ்ந்துவிட முடியும்.

அந்த ஆண்டுகள் பாதிப்பின்றிக் கழிவதில்லை. 1977 முதல் 1997 வரை பிரிட்டனில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வில், புதிதாக நோய் கண்டறியப்பட்டுச் சேர்ந்தவர்களில் சுமார் பாதிப்பேருக்கு அப்போதே கண், நரம்பு, இரத்தக்குழாய் போன்றவற்றில் ஏதேனும் ஒரு சேதம் தொடங்கியிருந்தது. நோய் அன்றைக்குத் தெரிந்ததே தவிர, அன்றைக்கு வந்ததல்ல.

எந்தெந்தப் பரிசோதனைகள் இதற்குப் பயன்படுகின்றன?

மூன்று முதன்மையானவை. முதலாவது, வெறும் வயிற்றுச் சர்க்கரை: 100-க்குக் கீழ் இயல்பு, 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. (உலக சுகாதார நிறுவனம் இடைப்பட்ட நிலையை 110-இல் இருந்துதான் கணக்கிடுகிறது, ஒரே அறிக்கையை இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.) இரண்டாவது, குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனை: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140-க்குக் கீழ் இருந்தால் இயல்பு, 140 முதல் 199 வரை இடைநிலை, 200-ஐத் தொட்டால் நீரிழிவு. மூன்றாவது, மூன்று மாதச் சராசரி என்று பலரும் சொல்லும் எச்பிஏ1சி: 5.7 சதவீதத்துக்குக் கீழ் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை இடைநிலை, 6.5-ம் அதற்கு மேலும் நீரிழிவு.

இவை தவிர, எந்த நேரத்திலும் எடுக்கும் சர்க்கரை 200-ஐ எட்டியோ தாண்டியோ, கூடவே தாகம், எடை இழப்பு போன்ற தெளிவான அறிகுறிகளும் இருந்தால் அதுவே போதுமான சான்றாகும்.

வழக்கமான உணவு சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் சோதனையைப் பலர் தாங்குதிறன் சோதனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. உணவின் அளவும் வகையும் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறுவதால், அந்த எண் சிகிச்சையில் இருப்பவரின் கட்டுப்பாட்டை மதிப்பிட உதவுமே அன்றி, நோயை உறுதிசெய்யும் அளவுகோலில் இடம்பெறவில்லை.

இந்த எல்லை எண்களை யார், எதை வைத்து வகுத்தார்கள்?

பெரும்பாலும் விழித்திரையை வைத்து. பல மக்கள் குழுக்களில் சர்க்கரை அளவையும் விழித்திரைச் சேதத்தையும் ஒப்பிட்டபோது, குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேல் சேதம் வேகமாக அதிகரிப்பது தெரியவந்தது. அந்தத் திருப்பத்தை ஒட்டியே எல்லைக்கோடு அமைந்தது. 1997 வரை வெறும் வயிற்றில் 140 என்பதே நீரிழிவின் எல்லை; அந்த ஆண்டில்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆகக் குறைத்தது. 2003-இல் இடைநிலையின் தொடக்கத்தை 110-இலிருந்து 100-க்கு இறக்கியது. எச்பிஏ1சி-யை நோயறிதலுக்கு அதே சங்கம் 2010-இலும், உலக சுகாதார நிறுவனம் 2011-இலும் ஏற்றுக்கொண்டன. ஆகவே 125-க்கும் 126-க்கும் நடுவே இயற்கை போட்ட சுவர் எதுவும் இல்லை. 124 என்ற எண்ணைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விடுபவரும், 127-ஐக் கண்டு இடிந்துபோகிறவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

மூன்றில் எது சிறந்தது?

ஒன்றைச் சொல்லி மற்றவற்றைத் தள்ளிவிட முடியாது; மூன்றும் ஒரே ஆட்களைப் பிடிப்பதில்லை. வெறும் வயிற்று அளவு, இரவு முழுவதும் கல்லீரல் எவ்வளவு குளுக்கோஸை வெளியிட்டது என்பதைப் பெரிதும் காட்டுகிறது. குளுக்கோஸ் குடித்த பிந்தைய அளவு, தசைகள் அந்தச் சுமையை எவ்வளவு விரைவாக உள்ளிழுத்தன, கணையம் எவ்வளவு இன்சுலின் சுரந்தது என்பதைக் காட்டுகிறது. ஒருவருக்கு முதலாவது முன்னதாகக் கெடலாம், இன்னொருவருக்கு இரண்டாவது. தாங்குதிறன் சோதனை கூடுதல் பேரைக் கண்டுபிடிக்கும் என்றாலும், இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். குளுக்கோஸ் நீரின் திகட்டலில் சிலருக்குக் குமட்டலும் வரும். எச்பிஏ1சி-க்குப் பட்டினி தேவையில்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம், முந்தைய நாள் உணவாலோ பதற்றத்தாலோ அது மாறுவதில்லை. பரவலான சோதனைக்கு வெறும் வயிற்று அளவோ எச்பிஏ1சி-யோ போதும். சந்தேகம் மீதமிருக்கும்போது தாங்குதிறன் சோதனையை நாடலாம். பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2024-இல் வெளியிட்ட நிலைப்பாட்டின்படி, குளுக்கோஸ் குடித்த ஒரு மணி நேரத்திலேயே அளவெடுத்து, 155-ஐ இடைநிலையின் எல்லையாகவும் 209-ஐ நீரிழிவின் எல்லையாகவும் கொள்ளலாம். காத்திருக்கும் நேரம் அதனால் பாதியாகும்.

எச்பிஏ1சி எப்போது தவறான எண்ணைக் காட்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டியவர்களோ அதிகம். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் மீது குளுக்கோஸ் தானாகவே மெல்லப் படிகிறது. இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு படியும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், படிந்த விகிதம் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையைச் சொல்கிறது; அதிலும் ஏறத்தாழப் பாதி கடைசி ஒரு மாதத்தின் பங்கு. 6.5 சதவீதம் என்பது சுமார் 140 என்ற சராசரிச் சர்க்கரைக்கு இணையானது.

இந்தக் கணக்கு முழுவதும் சிவப்பணுவின் ஆயுள் எல்லோருக்கும் ஒன்றே என்ற எண்ணத்தின் மேல் நிற்கிறது. அந்த ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் இரத்தசோகை, அண்மையில் ஏற்பட்ட இரத்த இழப்பு, இரத்தம் ஏற்றிக்கொண்டது, டயாலிசிஸ், கர்ப்பம் ஆகிய நிலைகளில் அணுக்கள் இளமையாக இருப்பதால் எண் உண்மையைவிடக் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் இதற்கு மாறாக எண் சற்றுக் கூடுதலாக வரக்கூடும்; இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டு இரத்தசோகை தீர்ந்ததும், சர்க்கரைக்கு எதுவும் செய்யாமலேயே அந்த எண் இறங்கலாம். பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் மாற்றங்கள், ஆய்வகம் கையாளும் முறையைப் பொறுத்து, எண்ணை எந்தப் பக்கமும் நகர்த்தலாம். எனவே ஹீமோகுளோபின் அளவைப் பார்க்காமல் எச்பிஏ1சி-யை மட்டும் பார்த்து முடிவெடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. இத்தகையோருக்கு நேரடியாகச் சர்க்கரையை அளக்கும் சோதனைகளே நம்பத்தக்கவை.

வெறும் வயிற்றுச் சோதனைக்கு எப்படித் தயாராவது?

குறைந்தது 8 மணி நேரம் உணவோ, கலோரி தரும் பானமோ எதுவும் கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். காப்பி, தேநீர், புகை ஆகியவற்றை இரத்தம் கொடுத்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது. அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது. எதை எப்போது உட்கொள்வது என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாங்குதிறன் சோதனைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: அதற்கு முந்தைய மூன்று நாட்களும் மாவுச்சத்தைக் குறைக்காமல் வழக்கம்போல் உண்ண வேண்டும். சில நாட்கள் மாவுச்சத்தை ஒதுக்கிவிட்டுத் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸைக் குடித்தால், நல்ல உடம்பிலும் அளவு செயற்கையாக ஏறிவிடும். குடித்த பிறகு இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நடந்தால் தசைகள் குளுக்கோஸை எடுத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துவிடும். சோதனைக்கு முந்தைய இரு நாட்கள் மட்டும் உணவைச் சுருக்கி, தேர்வுக்குப் போகிறவர்போல் ஆயத்தமாகி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாற்றுவது ஆய்வகத்தை அல்ல.

ஒரே நாளில் இரண்டு ஆய்வகங்களில் எடுத்தேன். எண்கள் ஏன் வேறுபடுகின்றன?

இரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிருடன்தான் இருக்கின்றன. அவை குளுக்கோஸைத் தொடர்ந்து உண்கின்றன. அணுக்களைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்திருந்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும். காலையில் 130 இருந்த மாதிரி, இரண்டு மணி நேரம் தாமதமானால் 115-ஐ ஒட்டி இறங்கி, நீரிழிவுள்ளவரை இடைநிலைக்காரராகக் காட்டிவிடலாம். இதைத் தடுக்கவே சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சோடியம் ஃபுளூரைடு சேர்க்கிறார்கள். ஆனால் அது முழுமையாக வேலை செய்ய ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆவதால், முதல் ஒரு மணி நேரத்து இழப்பை அதனால் தடுக்க முடிவதில்லை. மாதிரியை உடனே குளிரவைத்து அணுக்களைப் பிரிப்பதே உறுதியான வழி. இரத்தம் எடுத்த எவ்வளவு நேரத்தில் சோதிக்கிறீர்கள் என்று ஆய்வகத்திடம் கேட்பதில் தவறில்லை.

இதைத் தவிர, எந்தப் பிழையும் இல்லாமலேயே ஒருவரின் வெறும் வயிற்று அளவு நாளுக்கு நாள் சில எண்கள் ஏறி இறங்கும். முந்தைய இரவின் தூக்கம்கூட அதில் பங்கெடுக்கும்.

வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டரை வைத்தே முடிவு செய்யலாமா?

கூடாது. 2013-இல் வெளியான பன்னாட்டுத் தர விதிப்படி, 100-ம் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 95 சதவீத முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அந்த விதிக்குள் அடங்கும் நல்ல கருவியே 126-ஐ 108 என்றும் காட்டலாம், 144 என்றும் காட்டலாம். சிகிச்சையில் இருப்பவர் தன் நாளைக் கண்காணிக்க இந்தத் துல்லியம் போதும். நோயா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லப் போதாது. கருவியில் அளவு கூடுதலாகத் தெரிந்தால் ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரில் சர்க்கரை இல்லையென்றால் நீரிழிவு இல்லை என்று கொள்ளலாமா?

கொள்ள முடியாது. முதல் விடையில் சொன்ன 180 என்ற வரம்பே காரணம்.

எந்த வயதில் தொடங்க வேண்டும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை?

அமெரிக்க நீரிழிவுச் சங்கம், வேறு எந்த ஆபத்துக் காரணியும் இல்லாவிட்டாலும் 35 வயதில் தொடங்கி, முடிவு இயல்பாக இருந்தால் குறைந்தது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கச் சொல்கிறது. இடைநிலையில் இருப்பவருக்கு ஆண்டுதோறும் சோதனை தேவை.

35-க்கு முன்பே தொடங்க வேண்டியவர்களும் உண்டு. உடல் நிறைக் குறியீட்டெண் (கிலோ எடையை மீட்டரில் சொன்ன உயரத்தின் வர்க்கத்தால் வகுத்த எண்) 25-ம் அதற்கு மேலும் (ஆசிய மரபினருக்கு 23-ம் அதற்கு மேலும்) உள்ளவர், கூடவே பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு கூடியிருத்தல், இதயநோய், சினைப்பை நீர்க்கட்டி நோய், உடலுழைப்பு இன்மை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், வயதைப் பார்க்காமல் சோதித்துக்கொள்ள வேண்டும். கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் துணிபோல் கறுத்திருப்பது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் வெளி அடையாளம். அழுக்கு என்று தேய்த்துக் கழுவுவதால் அது போகாது. ஆசிய மரபினருக்குத் தனி எல்லை வகுத்ததற்குக் காரணம், ஒரே எடையில் அவர்களின் உடலில், குறிப்பாக வயிற்றைச் சுற்றி, கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதே. ஒல்லியாக இருப்பதால் தனக்கு வராது என்று நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய அறிக்கைகளைப் பாதுகாக்க வேண்டுமா?

கட்டாயம். மூன்று ஆண்டு இடைவெளியில் 84, 91, 98 என்று வந்த மூன்று அறிக்கைகளிலும் "இயல்பு" என்றே அச்சாகியிருக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பவருக்கு மட்டுமே ஏற்றம் தெரியும். ஆய்வகக் கணினி அந்த ஒரு நாளின் எண்ணை எல்லையோடு ஒப்பிடுகிறது. உங்களை உங்களோடு ஒப்பிடுவதில்லை.

ஒருமுறை எல்லையைத் தாண்டிவிட்டது. எனக்கு நீரிழிவு வந்துவிட்டதா?

தெளிவான அறிகுறிகள் இல்லாதபோது, ஒரே ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. இரண்டு முடிவுகள் எல்லையைத் தாண்ட வேண்டும் என்பது விதி. அவை ஒரே இரத்த மாதிரியில் எடுத்த வெறும் வயிற்று அளவும் எச்பிஏ1சி-யும் ஆகலாம். வெவ்வேறு நாட்களில் எடுத்த ஒரே சோதனையும் ஆகலாம். இரண்டு வகைச் சோதனைகளில் ஒன்று மட்டும் தாண்டியிருந்தால், தாண்டிய அதையே மறுபடி செய்ய வேண்டும். மறுசோதனையைச் சில நாட்களுக்குள் முடிப்பது நல்லது; "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதில்தான் முன்கூட்டிக் கண்டறிந்ததன் பயன் வீணாகிறது.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, மாரடைப்பு போன்ற வேளைகளில் உடல் நெருக்கடிக்காகச் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையைத் தற்காலிகமாக உயர்த்தும். அப்போது எடுத்த எச்பிஏ1சி இயல்பாக இருந்தால், ஏற்றம் புதியது என்று ஊகித்து, உடல் தேறிய பின் மீண்டும் பார்க்கலாம். ஸ்டீராய்டு உட்கொள்பவர் விஷயம் தனி: காலையில் உட்கொள்ளும் பிரட்னிசோலோன் பிற்பகலிலும் மாலையிலும்தான் சர்க்கரையை ஏற்றுகிறது, காலை வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் செய்தால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

"பார்டரில் இருக்கிறது" என்றார்கள். இதற்குச் சிகிச்சை உண்டா?

உண்டு, இந்தச் சோதனைகளால் கிடைக்கும் மிகப் பெரிய பலனும் இதுதான். சீனாவின் தாச்சிங் நகரில் 1986-இல், குளுக்கோஸ் தாங்குதிறன் குறைந்த 577 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு ஆறு ஆண்டுகள் உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டினார்கள். ஆறு ஆண்டுகளோடு வழிகாட்டுதல் நின்றுபோனது; கண்காணிப்பு நிற்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வழிகாட்டப்பட்டவர்களுக்கு நீரிழிவு சுமார் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேர்ந்த இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதம் குறைத்தல், வாரத்துக்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை என்ற இரண்டு இலக்குகளோடு வாழ்க்கை முறையை மாற்றியவர்களிடம் புதிய நீரிழிவு 58 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை உட்கொண்டவர்களிடம் 31 சதவீதம். 80 கிலோ எடையுள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஆறு கிலோவுக்கும் குறைவு. மாத்திரையைவிட வாழ்க்கை முறை மாற்றம் ஏறத்தாழ இரு மடங்கு வலிமையாக இருந்தது என்பது மருந்துக்கடையில் கிடைக்காத செய்தி.

இடைநிலையில் உள்ள எல்லோரும் நீரிழிவுக்குப் போய்விடுவதில்லை. சிலர் இயல்புக்குத் திரும்புகிறார்கள், சிலர் அங்கேயே நீடிக்கிறார்கள்.

அறிகுறியில்லாதவர்களைச் சோதிப்பதால் உயிரிழப்பு குறைகிறது என்று நிரூபிக்கப்பட்டுள்ளதா?

நேர்மையான விடை: நேரடியாக இல்லை. கிழக்கு இங்கிலாந்தில் நீரிழிவு ஆபத்து கூடுதலாக உள்ள 40 முதல் 69 வயது வரையிலான சுமார் 20,000 பேரைக் கொண்டு நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவுக்கும் அழைக்கப்படாத குழுவுக்கும் பத்தாண்டு அளவில் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தெரியவில்லை. சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு மூவர் அளவிலேயே நோய் கண்டறியப்பட்டது என்பதும், அழைக்கப்படாதவர்களுக்கும் நல்ல பொது மருத்துவம் கிடைத்துவந்தது என்பதும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் சில. ஆகவே சோதனை செய்துகொள்வது மட்டுமே காப்பு ஆகாது. இடைநிலையில் தலையிட்டால் நீரிழிவு தள்ளிப்போகும் என்பதற்கோ உறுதியான சான்று இருக்கிறது. அந்த நிலையைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை தவிர வேறு வழி இல்லை.

கர்ப்ப காலத்தில் தனிச் சோதனை தேவையா?

தேவை. நஞ்சுக்கொடியில் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், முன்பு இயல்பாக இருந்தவருக்கும் 24 முதல் 28 வாரங்களில் தாங்குதிறன் சோதனை செய்யப்படுகிறது. இங்கே எல்லைகள் கடுமையானவை: 2010-இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு அளவுகோலின்படி வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153, இவற்றில் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் சர்க்கரை இறங்கிவிடும். அதனாலேயே பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிரசவமான 4 முதல் 12 வாரங்களுக்குள் ஒருமுறையும், பிறகு வாழ்நாள் முழுவதும் ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் இதே சோதனைகளா?

பருமனும் குடும்ப வரலாறும் உள்ள சிறுவர்களுக்குப் பத்து வயதிலிருந்து, அல்லது அதற்குமுன் பூப்பு தொடங்கினால் அப்போதிலிருந்து, இதே சோதனைகள் பொருந்தும். முதல் வகை நீரிழிவு வேறு; உடலின் எதிர்ப்பாற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழிப்பதால் வருவது அது. குழந்தை திடீரென்று மிகுதியாகத் தண்ணீர் குடித்து, படுக்கையை நனைக்கத் தொடங்கி, எடை குறைந்தால், வெறும் வயிற்றுச் சோதனைக்கு நாள் குறிக்காமல் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். சில நாட்கள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம். முதல் வகை உள்ளவரின் உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும், கணையத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்களை இரத்தத்தில் தேடி, சர்க்கரை ஏறும் முன்பே நோயைக் காணும் சோதனை உண்டு. அத்தகைய தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நோய் முழுமையாக வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 2022 நவம்பரில் அனுமதி கிடைத்தது.

நீரிழிவு உறுதியானால் உடனே வேறு என்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலோருக்கு வரும், மெல்ல வளரும் இரண்டாம் வகையாக இருந்தால், நோய் எப்போது தொடங்கியது என்று தெரியாததால், கண்டறிந்த உடனேயே கண்மணியை விரியச்செய்து விழித்திரையைப் பார்க்க வேண்டும். பார்வை நன்றாகத் தெரிகிறது என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. சிறுநீரில் கசியும் அல்புமின் என்ற புரதத்தையும் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சிறுநீரகத்தின் நிலை தெரியும். இவற்றில் ஒன்று மட்டும் போதாது. இரத்த அழுத்தம், கொழுப்பு அளவுகள், பாதத்தின் உணர்ச்சியும் நாடித்துடிப்பும் அதே வாரத்தில் பார்க்கப்பட வேண்டியவை. விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் அதன் பின் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம். எச்பிஏ1சி-யை, கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மருந்து மாற்றப்பட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கிறார்கள்.